பல் செட்டால் வாயில் புண்: வலிக்கும் இடத்தையும் வேளையையும் வைத்துக் காரணம் காணும் முறை

வடசென்னையின் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கங்களிலிருந்து என் சிகிச்சை அறைக்கு வரும் பெரியவர்களில் பலர், பல் செட் உறுத்திய மறுநாளே அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, புண் ஆறிய பிறகுதான் வருகிறார்கள். "புண்ணோட வந்தா நீங்க தொட முடியாதேன்னு நாலு நாளா போடவே இல்ல டாக்டரம்மா" என்று அவர்கள் சொல்வது அக்கறையால்தான். ஆனால் செட்டின் எந்த ஓரம் அழுத்துகிறது என்பதை எனக்குக் காட்டும் சிறந்த அடையாளம் அந்தப் புண்தான். அது மறைந்துவிட்டால் எங்கே ராவுவது என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஊகித்து ராவினால் பிடிப்பாக இருந்த செட்டும் தளர்ந்துபோகிறது. ஆகவே வலி தாங்க முடியாவிட்டால் கழற்றி வையுங்கள், ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய நாளிலிருந்து இயன்றவரை, குறைந்தது அன்று காலை சில மணி நேரமாவது செட்டை அணிந்து, அதில் எதையாவது மென்றுவிட்டு வாருங்கள்.

செட்டினால் வரும் புண்ணுக்கு மருத்துவம் பெரும்பாலும் செட்டில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் சாப்பிடுவதில் தவறே இல்லை. ஆனால் அதே ஓரம் அதே இடத்தில் மறுபடி உரசினால் புண் மறுபடி வரும். இந்த விதிக்கு இரண்டு விலக்குகள் உண்டு: ஒன்று பூஞ்சை, மற்றொன்று செட்டைக் கழற்றி வைத்தும் ஆறாத புண். இரண்டையும் கீழே தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

கையைக் கழுவிக்கொண்டு செட்டைக் கழற்றுங்கள். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, இன்னொருவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, ஈறு, அண்ணம், நாக்கின் அடிப்பகுதி, கன்னத்தின் உட்புறம் என்று ஒழுங்காகப் பாருங்கள். புண் எத்தனை இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம், மேலா கீழா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டைக் கழுவி, அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். கொய்யா விதை, கத்தரிக்காய் விதை, எள், நெத்திலி முள் போன்றவை உள்ளே ஒட்டிக்கொண்டு, அதனாலேயே புண் ஏற்பட்டு வருபவர்கள் நிறைய. மேலும் கீழும் மாற்றிப் பிடித்துப் பார்த்து, மெல்லிய விரிசல் ஏதும் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

கடைசியாக, உலர்ந்த பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்து செட்டின் உட்பக்கத்திலும் ஓரங்களிலும் மெதுவாக இழுத்துக்கொண்டே போங்கள். விரலுக்குத் தெரியாத சிறு முள்ளும் பஞ்சின் இழையைப் பிடித்துக்கொள்ளும். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாளின் கீழ்ச் செட்டில் எனக்குக் கண்ணாலும் விரலாலும் எதுவும் தென்படவில்லை. பஞ்சை இழுத்தபோது இடப்பக்கத்தில் ஓர் இழை மட்டும் நின்றுவிட்டது. அங்கே ரவைக் குருணையில் பாதிகூட இல்லாத ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்து வழவழப்பாக்கியதும் அவர் வேலை முடிந்தது. இழை மாட்டும் இடத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டு வந்தாலே போதும், நீங்களாகத் தேய்க்க வேண்டாம்.

முகம் வீங்கினால், காய்ச்சலோடு வலி இருந்தால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், இந்தச் சோதனைகள் எதையும் செய்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: புது செட், ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் புண்

இதுதான் மிகுதியாக வருவது, எளிதில் தீர்வதும் இதுதான். செட் கட்டிய முதல் சில நாட்களில் ஓரிரு இடங்கள் சிவந்து புண்ணாவது இயல்பு. அதற்காகத்தான் மறுநாளும் அடுத்த சில நாட்களிலும் ஒரு வாரம் கழித்தும் வந்து காட்டச் சொல்கிறோம். அந்த வருகைகளைத் தவறவிடாதீர்கள். எந்தக் காரணம் என்பதை வலிக்கும் வேளை சொல்லிவிடும்.

மாட்டும்போதும் கழற்றும்போதும் மட்டும் வலித்தால்: எலும்பு பக்கவாட்டில் புடைத்திருக்கும் இடத்தைத் தாண்டிச் செட் உள்ளே போகிறது. உட்பக்கத்தில் அந்த இடத்தைச் சற்றுக் குறைத்தால் சரியாகிவிடும். நேராகத் தள்ளாமல் ஒரு பக்கத்தை முதலில் நுழைத்து மறுபக்கத்தைப் பிறகு பொருத்தும் முறையை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு அந்தப் பழக்கத்திலேயே வலி போய்விடுகிறது.

எச்சில் விழுங்கும்போது வலித்தால்: கீழ்ச் செட்டானால், நாக்கை ஒட்டிய பின் ஓரம் நீளமாக இருக்கிறது, தொண்டை வலி என்று நினைத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. மேல் செட்டானால், அண்ணத்தின் பின் ஓரம் மென்மையான பகுதி வரை போயிருக்கிறது. இதில் குமட்டலும் சேர்ந்து வரும்.

கொட்டாவி விடும்போதோ வாயை அகலமாகத் திறக்கும்போதோ வலித்தால்: மேல் செட்டின் கடைசியில் கன்னத்துப் பக்கம் தடிப்பாக இருக்கிறது. தாடை எலும்பு அசையும்போது அது இடிக்கிறது.

பேசும்போதும் சிரிக்கும்போதும் உதட்டுக்கு உள்ளே அறுத்தால்: உதட்டையும் ஈறையும் இணைக்கும் நடுத்தசை நாருக்குச் செட்டின் ஓரத்தில் போதிய இடைவெளி விடப்படவில்லை. அங்கே ஒரு சிறு பள்ளம் எடுத்தால் போதும்.

மெல்லும்போது மட்டும் வலித்தால்: இங்கேதான் கவனம் வேண்டும். புண் இருக்கும் இடம் வேறாகவும் காரணம் இருக்கும் இடம் வேறாகவும் இருக்கலாம். பற்கள் ஒரு பக்கம் முதலில் மோதினால் செட் நகர்ந்து எதிர்ப்பக்க ஈறில் இடிக்கும். லேத் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர், அண்ணத்தின் பின்பகுதியில் புண் வந்ததும் தன் அரத்தாலேயே மேல் செட்டின் பின் ஓரத்தை ராவிவிட்டு வந்தார். கை தேர்ந்தவர் செய்த வேலை, குறை சொல்ல முடியாத வழவழப்பு. ஆனால் அந்தப் பின் ஓரம்தான் காற்று புகாமல் அடைத்துச் செட்டை மேலே பிடித்து நிறுத்துவது. அது போனதும் அவர் பேசும்போதெல்லாம் செட் கீழே விழத் தொடங்கியது. முன்பற்கள் முதலில் மோதிச் செட்டைப் பின்னால் தள்ளியதுதான் உண்மையான காரணம். அதைச் சரிசெய்ய முன்பற்களில் கொஞ்சம் குறைத்திருந்தால் போதுமாயிருந்தது. பின் ஓரத்தை மறுபடி கட்ட வேண்டியதாகிவிட்டது.

இவ்வகைப் புண்ணுக்கு வீட்டில் செய்யக்கூடியவை குறைவு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு நாளுக்கு மூன்று நான்கு முறை கொப்பளியுங்கள். இரவில் செட்டைக் கழற்றிவிடுங்கள். இட்லி, குழைந்த சாதம், கேழ்வரகுக் கூழ், முள் நீக்கிய வஞ்சிரம் என்று சில நாட்களுக்கு மென்மையாகச் சாப்பிடுங்கள். சிறு துண்டுகளாக்கி இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லுங்கள். முறுக்கும், பர்மா பஜார் பக்கத்தில் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் பொறுத்திருக்கட்டும்; அத்தோவில் நொறுங்கும் பேஜோ வறுவலும் பச்சைக் கோஸும் காரமும் ஆறாத ஈறுக்கு ஒவ்வாதவை. கிராம்புத் தைலத்தைப் புண் மேல் வைக்காதீர்கள், அது சதையைச் சுட்டுவிடும். மரத்துப்போக வைக்கும் ஜெல்லைத் தடவிக்கொண்டு செட்டை மாட்டினால், வலி தெரியாமலே புண் ஆழமாகும். ஒட்டும் பவுடரைக் கொண்டும் உறுத்தலை மறைக்க வேண்டாம்.

செட்டைச் சரிசெய்த பிறகு புண் சில நாட்களில் ஆறத் தொடங்கி, ஒரு வாரத்திலிருந்து 10 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும்.

இரவில் கழற்றச் சொன்னதற்கு ஒரே ஒரு விலக்கு: பற்களைப் பிடுங்கிய அன்றே செட் மாட்டியிருந்தால், முதல் 24 மணி நேரம் மருத்துவர் சொல்லாமல் அதைக் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈறு வீங்கிச் செட் மறுபடி உள்ளே போகாது.

## அறிகுறி: புது செட், புண் தெரியவில்லை, ஆனால் ஈறு முழுக்க வலி

காலையில் நன்றாக இருந்து, மாலையாக ஆக ஈறு முழுவதும் கனத்து வலித்தால், கன்னத் தசைகளும் சோர்ந்துபோனால், மேலும் கீழும் செட்டுகளின் உயரம் கூடிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: "சிக்ஸ்டி, சிக்ஸ்டி ஒன், சிக்ஸ்டி டூ" என்று ஆங்கிலத்தில் தொடர்ந்து எண்ணிச் சொல்லுங்கள். பேசும்போது மேல் கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று டக் டக்கென்று தட்டிக்கொண்டால் உயரம் கூடியிருக்க வாய்ப்பு மிகுதி. சிறிதளவானால் பற்களைத் தேய்த்துச் சமன் செய்யலாம், மிகுதியானால் பற்களை எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். அது மருத்துவரும் லேபும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பகலில் கவலையாலோ பழக்கத்தாலோ பல்லை இறுகக் கடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கும் இதே வலி வரும். செட்டில் குறை எதுவும் இல்லாதபோது இதைக் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

கீழ் ஈறில் மட்டும், விரலால் அழுத்தினாலே வலி தெறித்தால், ஈறுக்கு அடியில் எலும்பு தேய்ந்து கத்தி முனையாக நிற்கிறது என்று பொருள். கீழ்க் கடவாய்க்கு முன்னால் உள்ள இடத்தில் அழுத்தும்போது மின்சாரம் பாய்வது போல உதடு வரை வலித்தாலோ உதடு மரத்தாலோ, எலும்பு தேய்ந்ததால் நரம்பு வெளிவரும் துளை மேலே வந்துவிட்டது. இரண்டிலும் செட்டின் உட்பக்கத்தில் அந்த இடத்துக்கு இடைவெளி கொடுப்பது முதல் வழி. உட்பக்கத்தில் மென்மையான படலம் வைப்பது அடுத்தது. கூர்மையான எலும்பை அறுவையால் மழுக்குவது அதற்கும் அடுத்தது. கீழ்த் தாடை எலும்பில் இரண்டு இம்ப்ளாண்ட் (பல் வேர் போலப் பதிக்கும் திருகு) வைத்து அவற்றின் மேல் செட்டைப் பூட்டுவது செலவு மிகுந்தது. ஆனால் கீழ் ஈறு மிகவும் தேய்ந்துபோனவர்களுக்கு நான் மனமாரச் சொல்வது அதைத்தான், குடும்பத்தாரால் முடியுமானால்.

## அறிகுறி: பல ஆண்டுகள் பேசாமல் இருந்த பழைய செட் இப்போது புண்ணாக்குகிறது

செட் மாறவில்லை; வாய் மாறிவிட்டது. பல் போன இடத்தில் தாடை எலும்பு முதல் ஓராண்டில் வேகமாகவும் அதன் பிறகு மெதுவாகவும் ஆயுள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கிறது. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஏறக்குறைய 4 மடங்கு மிகுதியாகத் தேய்வதாக நீண்ட கால ஆய்வு காட்டியிருக்கிறது. அதனால்தான் பழைய செட்டில் தொல்லை கீழேயே முதலில் தொடங்குகிறது. நோயால் உடல் இளைத்தவர்களுக்குத் தளர்வு இன்னும் விரைவாகத் தெரியும்.

சோதனைகள்: செட்டை மாட்டிக்கொண்டு, ஆட்காட்டி விரலால் வலக் கடைவாய்ப் பற்களை அழுத்துங்கள். இடப்பக்கம் எழும்பினால் செட் ஆடுகிறது. இடப்பக்கமும் அப்படியே செய்யுங்கள். முன்பற்களைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தவுடனே மேல் செட் கையோடு வந்துவிட்டால் பிடிப்பு போய்விட்டது. அடுத்து, செட் கீழே விழுந்ததா, உடைந்து வீட்டில் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினீர்களா, வெந்நீரில் போட்டீர்களா என்று நேர்மையாக நினைத்துப் பாருங்கள். உடனொட்டும் பசையால் ஒட்டிய செட்டில் துண்டுகள் ஒரு மயிரிழை விலகி ஒட்டியிருந்தாலும் அதுவே புண்ணாக்கப் போதும்; வாய்க்குள் வைப்பதற்கான பசையும் அது இல்லை. கொதிக்கும் நீர் செட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கோணலாக்கிவிடும், அதை நிமிர்த்த வழியில்லை.

செட் ஆடவில்லை, உடையவும் இல்லை, ஆனால் ஈறில் ஒரே இடத்தில் சீழோ கூர்மையான வெள்ளை முனையோ தெரிகிறது என்றால், பல ஆண்டுகளுக்கு முன் பல் பிடுங்கியபோது உள்ளே தங்கிய வேர்த்துண்டு இப்போது மேலே வருகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அதை அகற்ற வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை உறுதிப்படுத்தும் ஊசியோ மாத்திரையோ எடுத்தவர்களாயின் நிலைமை வேறு. சோலெட்ரோனிக் அமிலம், அலெண்ட்ரோனேட் போன்றவற்றை எடுத்தவர்களுக்குச் செட் உரசிய இடத்தில் ஈறு விலகி எலும்பே வெளியே தெரிந்து ஆறாமல் நிற்கலாம். அந்த மருந்தின் பெயரைச் சொல்லாமல் எந்தப் பல் மருத்துவரிடமும் எதையும் பிடுங்கவோ அறுக்கவோ ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தளர்ந்த செட்டுக்கு வழிகள், செலவு குறைந்ததிலிருந்து: ஓரத்தை மட்டும் சரிசெய்தல், உட்பக்கத்தில் புதிய படலம் ஏற்றி ஈறோடு பொருந்தச் செய்தல், அடிப்பகுதி முழுவதையும் மாற்றுதல், புது செட். பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்ட செட்டுக்கு உட்பக்கப் படலம் ஏற்றிப் பணம் செலவழிப்பது வீண் என்பது என் எண்ணம். பொதுவாக ஒரு செட் 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஒழுங்காக உழைக்கும். அதற்கு மேலும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டிக்கொள்வது நல்லது.

## அறிகுறி: மேலண்ணம் செக்கச் சிவந்திருக்கிறது, வலி இல்லை

செட் மூடியிருக்கும் பரப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு, கோடு போட்டது போல, அண்ணம் சிவந்திருக்கும். வலியே இருக்காது என்பதால் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இது பூஞ்சை, கேண்டிடா என்பது அதன் பெயர். முதல் காரணம், இரவும் பகலும் செட்டைக் கழற்றாமல் இருப்பது. "செட்டு இல்லாத மூஞ்சிய பேரப்புள்ளைங்க பாக்கக் கூடாதும்மா" என்று ஓர் ஆயா என்னிடம் சொன்னார். அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். விளக்கை அணைத்த பிறகு கழற்றி, விடியற்காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னேன். 6 முதல் 8 மணி நேரம் ஈறுக்குக் காற்றும் எச்சிலும் பட வேண்டும்.

இரண்டாவது காரணம், தூய்மைக் குறைவு. பற்பசை செட்டைக் கீறிவிடும், பல்பொடியும் கரியும் அதைவிட மோசம். அந்தக் கீறல்களில்தான் பூஞ்சை குடியேறுகிறது. சாதாரண சோப்போ பாத்திரம் கழுவும் திரவமோ போட்டு, மென்மையான பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து நன்றாக அலசுங்கள். கை நழுவி விழுந்தாலும் உடையாதிருக்க, கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு அதற்கு மேலே பிடித்துத் தேய்க்க வேண்டும். இரவில் தூய தண்ணீரில் மூழ்கி இருக்கட்டும். காயவிட்டால் வடிவம் மாறும். நீரில் போட்டுக் கரையும் செட் மாத்திரைகள் நல்லவையே, ஆனால் அவற்றை ஒருபோதும் வாயில் போடக் கூடாது. உட்பக்கத்தில் கெட்டியாகக் காரை படிந்திருந்தால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். உலோகம் உள்ள செட்டுக்கு இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவதாக, உடலில் உள்ள காரணங்கள்: கட்டுப்படாத சர்க்கரை, அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு பம்ப், வாய் வறட்சி. பம்ப் எடுப்பவர்கள் செட்டைக் கழற்றிவிட்டு எடுத்து, உடனே வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இரவில் கழற்றித் தூய்மையாக வைத்தும் இரண்டு வாரத்தில் சிவப்பு குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். குளோட்ரிமசோல் வாய்ப்பூச்சோ வேறொரு பூஞ்சை மருந்தோ கொடுப்பார். அதை வாயில் மட்டுமல்லாமல் செட்டின் உட்பக்கத்திலும் தடவச் சொல்வார், செட்டைக் கிருமிநாசினியில் ஊறவைக்கச் சொல்வார். வாய்க்கு மட்டும் வைத்தியம் பார்த்துச் செட்டை விட்டுவிட்டால் அதே பூஞ்சை திரும்பி வரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவர்கள் மருந்துக் கடையில் தாங்களாக மைக்கோனசோல் ஜெல் வாங்கித் தடவவே கூடாது. வாயில் தடவுவதுதானே என்று தோன்றும். ஆனால் அது உடலில் கலந்து அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டி, ரத்தக் கசிவு வரை கொண்டுபோய்விடும்.

## அறிகுறி: உதட்டு ஓரங்களில் வெடிப்பு

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெடித்து, வாயைத் திறந்தால் அறுப்பது. கீழுதட்டு ஓரத்தில் எச்சில் தேங்கிக்கொண்டே இருந்தால், செட்டின் பற்கள் தேய்ந்து உயரம் குறைந்து முகம் மடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அண்ணத்தில் மேலே சொன்ன சிவப்பு இருக்கிறதா என்று கூடவே பாருங்கள், இரண்டும் அடிக்கடி சேர்ந்தே இருக்கும். இரும்புச் சத்துக் குறைவு, பி12 குறைவு, சர்க்கரை ஆகியவையும் காரணமாகலாம்; ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். வெண்ணெயும் வாசலினும் தற்காலிக ஆறுதல் தரும். உயரம் குறைந்ததுதான் காரணமென்றால் புது செட் தவிர வேறு நிலையான வழி இல்லை.

## அறிகுறி: கன்னத்தையோ நாக்கையோ கடித்துக்கொள்வது

புது செட்டானால் இரண்டு வாரம் மெதுவாகச் சாப்பிட்டுப் பழகிப் பாருங்கள். பல ஆண்டுகள் பல்லில்லாமல் இருந்தவர்களின் நாக்கும் கன்னமும் அந்த இடத்தில் பரவியிருக்கும். அதன் பிறகும் ஒரே இடத்தில் கடிபட்டால் மேல் கீழ்க் கடைவாய்ப் பற்கள் விளிம்போடு விளிம்பாக அமைந்திருக்கின்றன; மருத்துவர் அந்த விளிம்பை உருட்டிவிடுவார்.

## அறிகுறி: கம்பி வைத்த பாதி செட் குத்துகிறது

கம்பி வளைந்திருக்கிறது. நாக்கால் தள்ளியும் கம்பியைப் பிடித்து இழுத்தும் கழற்றுவதால் வளைகிறது. செட்டின் இளஞ்சிவப்புப் பகுதியைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். இடுக்கியால் வீட்டில் நிமிர்த்தினால் கம்பி முறியும், அதைத் தாங்கும் சொந்தப் பல்லும் ஆட்டம் காணும். இரவில் இதைக் கட்டாயம் கழற்றுங்கள், தூக்கத்தில் விழுங்கிவிடும் ஆபத்து சிறிய செட்டுக்குத்தான் மிகுதி.

## அறிகுறி: எரிகிறது, ஆனால் புண்ணே இல்லை

முதலில் வாய் வறட்சியைப் பாருங்கள். ரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான பல மாத்திரைகள் எச்சிலைக் குறைக்கும். எச்சில் இல்லாத ஈறில் எவ்வளவு நல்ல செட்டும் உரசும். அடிக்கடி தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பருகுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். அடுத்து, மேல் செட் அண்ணத்தை மூடுவதால் சூடு சரியாகத் தெரியாது. டீக்கடையில் வழக்கம் போல மடக்கென்று குடித்து, தொண்டையும் நாக்கும் வெந்து போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் வாய் டீயை உதட்டில் வைத்துப் பார்த்த பிறகே குடியுங்கள். சர்க்கரையும் பி12 அளவும் அதற்கடுத்த சோதனைகள். செட் செய்த பொருளே ஒவ்வாமல் போவது உண்டு, ஆனால் அரிது. மற்றவை எல்லாவற்றையும் தள்ளிய பிறகே அதைச் சந்தேகிக்க வேண்டும்.

## அறிகுறி: செட்டின் ஓரத்தை ஒட்டி மடிப்பாகச் சதை வளர்ந்திருக்கிறது

தளர்ந்த செட்டைப் பல ஆண்டுகள் அப்படியே போட்டுக்கொண்டதால் வருவது. வலி இருக்காது, செட்டின் ஓரம் அந்த மடிப்புக்குள் சரியாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் கெடுதல் இல்லாத வளர்ச்சி. அந்த ஓரத்தைக் குறைத்துச் சில வாரம் ஓய்வு கொடுத்தால் சிறியவை சுருங்கும். பெரியவற்றை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஆறிய பின் புது செட் கட்ட வேண்டும். அறுவை செய்துவிட்டுப் பழைய செட்டையே போட்டால் மடிப்பு மறுபடி வளரும்.

## அறிகுறி: செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்

செட்டைச் சரிசெய்தோ முழுக்கக் கழற்றி வைத்தோ 2 வாரம் ஆகியும் ஆறாத புண்ணைச் செட் புண் என்று யாரும் சொல்லிச் சமாதானமாகக் கூடாது, அது நானாக இருந்தாலும். புண்ணின் விளிம்பு கடினமாக இருப்பது, அழிக்க முடியாத வெள்ளைத் திட்டு அல்லது வெல்வெட்டாகச் சிவந்த திட்டு, தொட்டால் ரத்தம், நாக்கு மரத்தல், காதுக்குள் தெறிக்கும் வலி, கழுத்தில் கட்டி, வாயைத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

துறைமுகத்திலும் மீன்பிடிப் படகுகளிலும் சுமை தூக்கும் வேலையிலும் ஆயுளைக் கழித்த பலருக்குப் புகையிலையையும் வெற்றிலை பாக்கையும் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பழைய செட்டும் அதே கன்ன இடுக்கில் உரசுவதால், புற்றுநோய்ப் புண்ணைச் செட் புண் என்று நம்பி மாதக் கணக்கில் ஜெல் தடவிக்கொண்டு வந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. ஒரு சிறு துணுக்குச் சதையை எடுத்துச் சோதிப்பதால் நோய் பரவிவிடும் என்று பயப்பட வேண்டாம், அது பரவாது. தொடக்கத்தில் தெரிந்துவிட்ட வாய்ப் புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு மிகவும் நல்லது. பழக்கம் இல்லாதவர்களுக்கும் இது வரலாம் என்பதால், "எனக்குப் பொடி பாக்கு எதுவும் கிடையாதே" என்று தள்ளிப்போடாதீர்கள்.

## எங்கே போவது, எதை எடுத்துச் செல்வது

செட் கட்டிய மருத்துவரிடமே முதலில் போங்கள். அளவும் குறிப்பும் அவரிடம் இருக்கும், தொடக்கக் காலச் சரிசெய்தலுக்குப் பெரும்பாலும் தனியாகப் பணம் வாங்குவதில்லை. செட்டை நேரே லேபுக்குக் கொண்டுபோய் ராவி வாங்கிக்கொள்வதில், உங்கள் வாயை யாரும் பார்க்காமல் போய்விடுகிறது. செலவு தாங்காதவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பல் பிரிவு அருகில் இருக்கிறது. ஆறாத புண்ணுக்குத் தேவையான மற்ற துறைகளும் அதே வளாகத்தில் இருப்பதால், அந்த அறிகுறி உள்ளவர்கள் அங்கே போவது எளிது. புது செட்டும் எலும்பு தேய்ந்த வாய்க்கான செட்டும் வேண்டுமானால், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய அந்தக் கல்லூரியில் செயற்கைப் பல்லுக்கென்றே தனித் துறை உண்டு. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தவர்கள் ரயிலில் கடற்கரை நிலையம் வந்தால் அடுத்த நிலையம் கோட்டை. செட் கட்டப் பல முறை வர வேண்டியிருக்கும் என்பதையும், காலையிலேயே ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும் என்பதையும் மனதில் வைத்து, துணைக்கு ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

போகும்போது, இப்போது போடும் செட்டோடு வீட்டில் கிடக்கும் பழைய செட்டையும் கொண்டுபோங்கள். எந்த உயரம் உங்களுக்கு ஒத்துவந்தது என்பதை அது சொல்லும். சாப்பிடும் மாத்திரைகளைப் பெயர் தெரியாவிட்டால் அட்டையோடு எடுத்துப் போங்கள். எந்த வேளையில், எதைச் செய்யும்போது வலிக்கிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் பேரனிடமோ பேத்தியிடமோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.